மரத்தில் செதுக்கிய சிரிப்பு: ஒரு கல்லறைத் தோட்டமும் ஒரு பெட்டிப் பட்டறையும்

ருமேனியாவின் வடகோடியில் சபுன்ட்சா என்றொரு கிராமம். அங்கே ஒரு மாமியாரின் கல்லறைமேல் நீல வண்ணச் சிலுவை நிற்கிறது. அதில் செதுக்கிய பாட்டு அவர் மறைவுக்காக அழவில்லை. இந்த அம்மாள் இன்னும் சில நாள் இருந்திருந்தால் குழி தனக்குத்தான் வாய்த்திருக்கும் என்கிறது அந்த வீட்டுக் குரல் ஒன்று. வந்து போகிறவர்கள் சத்தம் போட்டு அவரை எழுப்பிவிட வேண்டாம் என்றும் அது கேட்டுக்கொள்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில், கானாவின் தலைநகர் அக்ராவை ஒட்டிய கடற்கரை ஊர் டெஷி. அங்கே ஒரு மீனவர் இறந்தால், ஆளைவிட நீளமான மரமீனின் வயிற்றில் அவரைக் கிடத்துகிறார்கள். செதிலும் துடுப்பும் கண்ணும் தீட்டிய அந்த மீனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேளம் முழங்க ஆடிப் போகிறார்கள். வெங்காயம் பயிரிட்டவருக்கு வெங்காயம். பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கிய தாய்க்குக் குஞ்சுகள் சூழ்ந்த கோழி. வாத்தியாருக்குப் பேனா.

இரண்டையும் படத்தில் பார்க்கிற எவருக்கும் முதலில் வருவது சிரிப்பு. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது, துக்க வீட்டில் அதற்கு என்ன வேலை என்பதுதான் இங்கே கேள்வி. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. இரண்டும் 20ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றவை. இரண்டும் தச்சுப் பட்டறையில் பிறந்தவை. இரண்டிலும் கருவி ஒன்றே: மரம், உளி, வண்ணம். இரண்டு ஊர்களிலும் தேவாலய மணி ஒலிக்கிறது. இத்தனை ஒற்றுமை இருந்தும், ஓரிடத்துச் சிரிப்பு ஒரு திசையிலும் மற்ற இடத்துச் சிரிப்பு வேறு திசையிலும் போகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த இரண்டு ஊராரும் சாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. போனவர் யார் என்று அடையாளம் கண்டு சிரிக்கிறார்கள்.

தொடக்கக் கதைகள்

சபுன்ட்சா, மரமுரேஷ் மாவட்டத்தில் தீஸா ஆற்றின் அருகே, உக்ரைன் எல்லையை ஒட்டி இருக்கிறது. 1908இல் பிறந்த ஸ்தான் இயோன் பட்ராஷ் அந்த ஊர்த் தச்சர். பதினான்கு வயதிலேயே சிலுவை செதுக்கத் தொடங்கியவர். 1935இல் முதன்முதலாக ஒரு சிலுவையில் இறந்தவரைப் பற்றிய பாட்டையும் சேர்த்துச் செதுக்கினார். பிறகு படமும் வண்ணமும் சேர்ந்தன. ஒரு மனிதரின் பட்டறையிலிருந்து ஒரு ஊரின் கல்லறைத் தோட்டம் முழுதும் பரவியது அந்தப் பாணி. இன்று அங்கே 800க்கும் மேற்பட்ட சிலுவைகள் நிற்கின்றன. ருமேனிய மொழியில் அதன் பெயருக்கு 'மகிழ்ச்சியான கல்லறைத் தோட்டம்' என்று பொருள்.

இதற்கு ஒரு பழம்பெருமைக் கதையும் சொல்வார்கள். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான டேசியர்கள் ஆன்மா அழியாது என்று நம்பியவர்கள், சாவை மகிழ்ந்து வரவேற்றவர்கள், அந்த ரத்தம்தான் இங்கே பேசுகிறது என்பார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், டேசியரின் உறவினரான கேட்டே மக்கள் தங்களுக்கு அழிவில்லை என்று நம்பியதைப் பதிவுசெய்திருக்கிறார். திரேசியாவில் வாழ்ந்த டிராஸி என்ற குலத்தாரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். குழந்தை பிறந்தால் அது இனிப் படப்போகும் பாட்டை எண்ணி உறவினர் சுற்றி உட்கார்ந்து அழுவார்களாம். யாராவது இறந்தால், எல்லாத் துன்பத்திலிருந்தும் விடுபட்டார் என்று சிரித்து விளையாடிப் புதைப்பார்களாம். கேட்க அழகான செய்திதான். ஆனால் ஹெரோடோட்டஸுக்கும் பட்ராஷுக்கும் நடுவே இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. அந்த நெடுங்கதையைச் சொல்லும்போது, பட்டறையில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு தச்சர் மறைந்துபோகிறார்.

டெஷியில் கதை தலைகீழ். அங்கே ஒரு தனிமனிதரின் கதை ஒரு நெடிய மரபை மறைக்கிறது. பலரும் சொல்வது இது. சேத் கானே க்வே என்ற தச்சரின் பாட்டி, அக்ரா விமான நிலையத்தில் ஏறி இறங்கும் விமானங்களைப் பார்த்துப் பார்த்து வியந்தவர். ஒருமுறைகூட விமானத்தில் ஏறாமலே 1951இல் இறந்தார். பேரன் அவரை விமான வடிவப் பெட்டியில் அடக்கம் செய்தார். அதற்கு முன்பு ஒரு தலைவருக்காகக் கொக்கோ காய் வடிவில் பல்லக்கு செய்துகொண்டிருந்தபோது, அவர் அதில் ஏறுமுன்னே இறந்துவிட, பல்லக்கே பெட்டியானது என்றும் சொல்வார்கள்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இனவரைவியலாளர் ரெகுலா சூமி இந்தக் கதைக்குப் பின்னால் இருந்ததைத் தேடிப் போனார். அக்ரா வட்டாரத்துக் 'கா' இனத் தலைவர்கள் தங்கள் குலச்சின்ன வடிவில் செய்த பல்லக்குகளில் பவனி வருவது முன்பே இருந்த வழக்கம். வாழும்போது ஏறிய வாகனத்தின் வடிவிலேயே இறந்தபின் பெட்டியும் அமைந்தது. அட்டா ஓகோ என்ற தச்சர் 1945ஐ ஒட்டியே இத்தகைய பெட்டிகளைச் செய்யத் தொடங்கியிருந்தார். தலைவருக்கு மட்டும் உரியதாக இருந்த மரியாதையை மீனவருக்கும் வெங்காயக்காரருக்கும் சந்தை வியாபாரிக்கும் திறந்துவிட்டதே கானே க்வே போன்றவர்களின் பெரிய காரியம்.

இரண்டு தொடக்கக் கதைகளையும் இப்படி நேர்செய்து பார்த்தால் ஓர் உண்மை தெளிகிறது. சபுன்ட்சாவில் சிரிப்பு கீழிருந்து எழுந்தது, ஊர்ப்பேச்சிலிருந்து சிலுவைக்கு ஏறியது. டெஷியில் அது மேலிருந்து இறங்கியது, தலைவரின் பல்லக்கிலிருந்து சாமானியரின் பெட்டிக்கு வந்தது.

சொல்லும் உருவமும்

சபுன்ட்சாவின் சிலுவை படிப்பதற்கானது. ஓக் மரத்தை அறுத்துக் காயவைத்து, தலையில் சிறு கூரை வைத்து, நடுவே இறந்தவரின் படத்தைப் புடைப்பாகச் செதுக்கி, அடியில் பாட்டை வெட்டுகிறார்கள். பின்னணிக்கு அடர்ந்த நீலம். பச்சை உயிருக்கு, மஞ்சள் வளத்துக்கு, சிவப்பு ஆசைக்கு, கறுப்பு சாவுக்கு என்று வண்ணங்களுக்குப் பொருள் சொல்கிறார்கள். படத்தில் பெண் ராட்டையில் கம்பளி நூற்கிறாள், அடுப்பருகே நிற்கிறாள். ஆண் ஆடு மேய்க்கிறான், மரம் வெட்டுகிறான், டிராக்டர் ஓட்டுகிறான். சில சிலுவைகளில் முன்பக்கம் வாழ்ந்த விதம், பின்பக்கம் செத்த விதம்.

பாட்டு பெரும்பாலும் இறந்தவர் வாயிலிருந்தே வருகிறது. இங்கே படுத்திருப்பது நான், என் பெயர் இது என்று தொடங்கி, ஊர்ப் பேச்சுவழக்கில், எதுகை சேர்ந்து நடக்கிறது. ருமேனியக் கிராமங்களில் உடல் வீட்டில் இருக்கும் இரவுகளில் ஊரார் கூடி விழித்திருப்பார்கள். அழுகையும் கதையும் கேலியும் அங்கே கலந்தே வரும். பட்ராஷின் பாட்டுகளுக்கு அந்தப் பேச்சுதான் ஊற்று.

டெஷியின் பெட்டி பார்ப்பதற்கானது. அதில் பாட்டில்லை. 'கா' மொழியில் இவற்றை 'அபெபு அடெகாய்' என்கிறார்கள். பழமொழிப் பெட்டி என்பது அதன் பொருள். அந்தப் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. பழமொழி நேராகப் பேசாது, ஒன்றைக் காட்டி வேறொன்றை உணர்த்தும். கோழிப் பெட்டியைப் பார்த்ததும், இவள் கோழி வளர்த்தவள் என்று யாரும் நினைப்பதில்லை, எத்தனை பேரைச் சிறகுக்குள் வைத்துக் காத்தாள் என்று ஊர் நினைக்கிறது. இந்த வடிவங்களுக்குள் சட்டதிட்டமும் உண்டு. குலச்சின்னமான விலங்கையும், அரியணை, வாள் போன்ற அதிகாரச் சின்னங்களையும் எல்லோரும் எடுத்துக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு விளையாட்டுப் பொம்மைபோல் தெரிவது, உள்ளூர்க்காரருக்கு ஒழுங்கான மொழி.

காலக்கணக்கும் வேறு. சபுன்ட்சாவில் உடல் காத்திருப்பதில்லை, சில நாளில் அடக்கம் முடிந்துவிடும். சொல்தான் காத்திருக்கும், மரம் பதமாகி, பாட்டு அமைந்து, வண்ணம் காய்ந்து, சிலுவை பின்னால் வரும். டெஷியில் உடல் குளிர்சவக்கிடங்கில் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் காத்திருக்கும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வர வேண்டும், பணம் சேர வேண்டும், தச்சர் பெட்டியை முடிக்க வேண்டும். பல மாத வருமானத்தை விழுங்கும் அந்தச் செலவைப் பெருங்குடும்பமே பங்கிட்டுக்கொள்கிறது. எளிதில் செதுக்க வரும் வாவா மரத்தில் செய்து முடித்த பெட்டி, அடக்கத்தன்று சில மணி நேரமே வெயிலைப் பார்க்கும். பிறகு மண்ணுக்குள் போய்விடும்.

குறையும் பெருமையும்

இரண்டு மரபும் பிரியும் பெரிய இடம் இதுதான். சபுன்ட்சா குறையைச் சொல்கிறது. பிளம் பழச் சாராயத்தை விடாமல் குடித்து அதனாலேயே போய்ச் சேர்ந்தவர், தன் சிலுவையில் கையில் புட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். இறந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்ற உலக வழக்கத்தை இந்த ஊர் ஏற்கவில்லை. அதில் வன்மமும் இல்லை. காரணம், குற்றம் சாட்டுவது பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, தானே ஒப்புக்கொள்வது செத்தவர். 'ஆமாம், குடித்தேன்' என்று ஒருவர் தன் வாயாலே சொல்லிவிட்டால் ஊர் சிரித்து மன்னித்துவிடும். ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு உயிரோடிருக்கும்போது கிடைக்காதவருக்கு, தச்சர் அதை மரத்தில் வாங்கித் தருகிறார்.

டெஷி பெருமையைச் சொல்கிறது. அங்கே யாரும் குடிகாரரை இகழ்வதற்காகப் பாட்டில் வடிவப் பெட்டி செய்வதில்லை. மது விற்றுக் குடும்பத்தை நிமிர்த்தியவருக்கு அது கௌரவம். மெர்சிடிஸ் கார்ப் பெட்டியில் போகிறவர் வாழ்ந்து காட்டியவர். ஒருவர் செய்ததையும் அடைந்ததையும், சில வேளை விமானப் பாட்டிபோல் அடைய ஆசைப்பட்டதையும், பெட்டி ஊருக்குக் காட்டும். குறை அங்கே இடம்பெறாது.

ஏன் இந்த வேறுபாடு? போனவர் எங்கே போனார் என்ற நம்பிக்கையில் விடை இருக்கிறது. 'கா' மக்களுக்கு இறந்தவர் தூரமாகப் போய்விடவில்லை. முன்னோர் கூட்டத்தில் சேர்ந்து, அங்கேயும் தன் தொழிலைத் தொடர்ந்து, இங்கே இருப்பவர்களுக்கு நன்மையோ தீமையோ செய்யும் வல்லமை பெற்றவர் ஆகிறார். ஆகவே அவரை மனம் குளிர அனுப்பியாக வேண்டும். பெட்டி என்பது வழியனுப்பும் பரிசு. பரிசில் குறை பொறிப்பவர் யார்? சபுன்ட்சாவில் நம்பிக்கை வேறு. இறந்தவர் இறைவனிடம் போய்விட்டார், தீர்ப்பு அங்கே நடக்கும். ஊருக்கு மிச்சமிருப்பது நினைவு மட்டும். நினைவு உண்மையாக இருந்தால்தான் நிலைக்கும். ஆகவே கானாவில் சிரிப்பு போனவரைப் பார்த்துச் சிரிக்கிறது. சபுன்ட்சாவில் அது இருப்பவரைப் பார்த்துப் பேசுகிறது.

தேவாலயத்தோடு கொண்ட உறவும் இதையே காட்டுகிறது. சபுன்ட்சாவில் கேலி எவ்வளவு தூரம் போனாலும் சிலுவை சிலுவையாகவே இருக்கிறது. தேவாலயத்தைச் சுற்றியே, அதன் நிழலிலேயே நிற்கிறது. டெஷியில் பெட்டியின் வடிவே முன்னோர் வழிபாட்டை நினைவூட்டுவதால், பல திருச்சபைகள் அதை உள்ளே விடுவதில்லை. அங்கே தடையில்லாமல் நுழையும் உருவப்பெட்டி ஒன்று உண்டு: பைபிள் வடிவப் பெட்டி.

சிரிப்பு நிற்கும் இடம்

சிரிக்கத் தெரிந்த ஊரைப் புரிந்துகொள்ள, அது எங்கே சிரிக்காமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

சபுன்ட்சாவில் ஒரு சிறு குழந்தையின் சிலுவை இருக்கிறது. சாலையில் வந்த டாக்ஸி மோதி இறந்த குழந்தை. அந்தப் பாட்டில் விளையாட்டே இல்லை. சிபியு நகரத்திலிருந்து வந்த அந்த வண்டியை அது சபிக்கிறது. இவ்வளவு பெரிய நாட்டில் நிற்க வேறு இடம் கிடைக்காமல் எங்கள் வீட்டு வாசலுக்குத்தானா வந்தாய் என்று குழந்தையே கேட்கிறது. மாமியார் பாட்டும் இந்தப் பாட்டும் ஒரே தோட்டத்தில், ஒரே நீலத்தில், ஒரே பாணியில் நிற்கின்றன. ஊர் சாவை விளையாட்டாக எடுத்துக்கொண்டிருந்தால் இந்தப் பாட்டு பிறந்திருக்காது.

கானாவிலும் இந்த எல்லை துலக்கமாகத் தெரியும். நிறைவாழ்வு வாழ்ந்து முதிர்ந்தவர் போனால் வெள்ளையும் கறுப்பும் கலந்த உடையில் வருகிறார்கள். நாம் கல்யாணச் சாவு என்கிறோமே, அந்த மனநிலை. அகால மரணம் என்றால் சிவப்பும் கறுப்பும். துணியின் நிறமே, இங்கே ஆடலாமா கூடாதா என்பதைத் தெருவுக்குச் சொல்லிவிடும்.

வாழ்ந்து முடித்தவருக்குச் சொல்லக் கதை இருக்கிறது. கதை இருக்கும் இடத்தில்தான் சிரிப்பு வரும். கதை தொடங்குமுன்னே போன குழந்தைக்கு எதைச் சொல்லிச் சிரிப்பது? இரண்டு ஊரும் தனித்தனியே இந்த ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இந்த ஒப்பாய்வில் என்னை மிகவும் அசைத்தது இந்த ஒற்றுமைதான்.

வெளியார் வந்தபோது

இரண்டையும் உலகம் கண்டுகொண்டது. சபுன்ட்சாவுக்கு உலகம் நடந்து வந்தது. பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்கிக் கல்லறைகளுக்கு இடையே உலவுகிறார்கள். 1977இல் பட்ராஷ் இறந்தபின் அவருடைய மாணவர் துமித்ரு போப் பணியைத் தொடர்ந்தார். குருவின் வீடு அருங்காட்சியகமானது. டெஷியின் பெட்டிகளோ உலகத்தைத் தேடிப் போயின. 1989இல் பாரிஸில் நடந்த 'மாஜிசியான் த லா தேர்' கண்காட்சியில் கானே க்வேயின் பெட்டிகள் கலைப்பொருளாக நின்றன. அவரிடம் தொழில் பழகி 1976இல் தனிப் பட்டறை வைத்த பா ஜோவின் பெட்டிகளும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயிருக்கின்றன. அப்படிப் போகிற பெட்டியை நீடித்து நிற்கும் மரத்தில் செய்கிறார்கள். அதற்குள் யாரும் படுக்கப்போவதில்லை.

இதில் இழப்பும் உண்டு. சபுன்ட்சாவின் பாட்டு, குடித்தவரோடு சேர்ந்து குடித்த ஊராருக்காக எழுதியது. அந்நியர் அதைப் படிக்கும்போது, மன்னிப்பு உதிர்ந்து வேடிக்கை மட்டும் மிஞ்சுகிறது. கானாவுக்கு இது இன்னும் கூர்மையாக நேர்ந்தது. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே நடனமாடும் பெஞ்சமின் ஐடூவின் குழுவை 2017இல் பிபிசி படம்பிடித்தது. 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், அந்தக் காட்சி ஒரு துள்ளல் இசையோடு உலகம் முழுதும் மீம்ஸ் ஆனது. யாரோ வழுக்கி விழுவார், அடுத்த நொடி இந்தப் பெட்டி ஆடும். நம் கைபேசிகளிலும் அது சுற்றியது. ஆனால் அந்த மீம்ஸில் பெட்டிக்குள் யாருமில்லை. பெயரில்லை, தொழிலில்லை, அழும் பிள்ளைகள் இல்லை. கானாவின் ஆட்டம் அனைத்தும் ஒரு குறிப்பிட்ட மனிதருக்காக ஆடியது. மீம்ஸ் அந்த மனிதரை எடுத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டது. சாவைப் பார்த்துச் சிரிப்பது என்றால் அதுதான். அதை டெஷியும் செய்யவில்லை, சபுன்ட்சாவும் செய்யவில்லை.

மரம் ஏன்?

சாவின் கொடுமையில் ஒன்று, அது எல்லோரையும் ஒன்றாக்கிவிடுவது. நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவரை இன்று 'பாடி எப்போது எடுக்கிறார்கள்' என்று கேட்கிறோம். ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிக் கல், ஒரே மாதிரி வாசகம். இந்த ஒன்றாக்கலுக்கு எதிராகவே இரண்டு ஊர்த் தச்சர்களும் உளியை எடுத்தார்கள். ஒருவர், இவர் இப்படித்தான் இருந்தார் என்று சொல்லைச் செதுக்கினார். மற்றவர், இவர் இதுவாகவே இருந்தார் என்று உருவத்தைச் செதுக்கினார். ஆளை அறிந்தவருக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிடும். 'அவரேதான்!' என்று கண்டுகொள்ளும் சிரிப்பு அது. அழுகையைப் போலவே அதுவும் நெருக்கத்திலிருந்து வருவது.

பட்ராஷ் தன் சிலுவையைத் தானே செய்து வைத்துவிட்டுப் போனார். ஊரையே சிரிக்கவைத்தவர் தன்னைப் பற்றி எழுதியபோது அடக்கமாக, கொஞ்சம் வருத்தமாகவே எழுதினார். யாருக்கும் கெடுதல் நினைக்காததையும், இந்த உலகில் வாழ்வது எளிதாக இல்லை என்பதையும் சொல்லி முடித்தார். அதுவும் உண்மைதான். உண்மையைச் சொல்வது என்ற அவருடைய விதி அவருக்கும் பொருந்தியது.

இரண்டு ஊரும் கல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மன்னர்கள் கல்லில் செதுக்கச் சொன்னார்கள், தங்களை அறியாதவர்களும் ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்க வேண்டும் என்று. டெஷியின் மீனைக் கரையான் அரித்துவிடும். சபுன்ட்சாவின் ஓக் மழையிலும் பனியிலும் சில பத்தாண்டு நின்று, நீலம் வெளுத்து, அடி இற்றுப்போகும். ஏறக்குறைய அதே காலத்தில், போனவரின் குரலையும் நடையையும் நேரில் அறிந்த கடைசி ஆளும் போய்விடுவார். அவரை நினைத்துச் சிரிக்க ஆள் இருக்கும்வரை நிற்பதற்கு மரம் போதும்.